ஒரே சுவரில் இரண்டு பேழைகள்: உச்செல்லோவின் பிரளய ஓவியத்தை எப்படிப் பார்ப்பது?

இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில், சான்ட்டா மரியா நொவெல்லா தேவாலயத்தை ஒட்டிய மடத்துக்காகத் தீட்டப்பட்டது ‘பிரளயம்’ சுவரோவியம். வரைந்தவர் பாவ்லோ உச்செல்லோ. இதன் படத்தை முதன்முறை பார்ப்பவர்களுக்கு மூன்று கேள்விகள் வரும். பைபிள் கதையில், பிரளயத்திலிருந்து தப்ப நோவா கட்டியது ஒரு பேழைதானே (பெரிய மரக்கப்பல்), இங்கே ஏன் இரண்டு? படம் ஏன் இப்படிப் பச்சையும் செம்மண்ணுமாகக் கலங்கிக் கிடக்கிறது? ஊரே மூழ்கிக்கொண்டிருக்கும்போது ஒருவன் கழுத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட வளையம் எதற்கு?

முதல் இரண்டுக்கும் பதில் சுருக்கமானது. மூன்றாவது அப்படியில்லை. அதற்குப் பதில் சொல்லப் போனால் பெர்ஸ்பெக்டிவ் என்றால் என்ன, அது ஏன் ஒரு தலைமுறையையே பிடித்து ஆட்டியது, உச்செல்லோ அதன் மேல் பித்துப்பிடித்து அழிந்தார் என்ற கதை எவ்வளவு உண்மை என்பதெல்லாம் வந்துவிடும்.

படத்தில் நடப்பது என்ன?

ஓவியம் அரைவட்ட வடிவம் கொண்டது. அகலம் ஐந்து மீட்டருக்குச் சற்று மேல், உயரம் இரண்டு மீட்டருக்குச் சற்று மேல். பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தில் வரும் கதையின் இரண்டு தருணங்கள் ஒரே சட்டத்துக்குள் அடைக்கப்பட்டிருக்கின்றன.

1. இடது பாதியில் வெள்ளம் உச்சத்தில் இருக்கிறது. பேழையின் மரச்சுவர் படத்தின் ஆழத்துக்குள் நீண்டு போகிறது. அதன் பலகையைப் பிடித்துக்கொண்டு ஒருவன் தொங்குகிறான். குதிரை மேல் வாளோடு ஒருவன், அவனுக்கு எதிரே தடியோடு ஒருவன். நீர் கழுத்துக்கு வந்த பிறகும் மனிதர்கள் ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்கிறார்கள்.

2. வலது பாதியில் வெள்ளம் வடிந்துவிட்டது. அதே பேழைதான், காலம்தான் வேறு. நோவா அதிலிருந்து வெளியே சாய்ந்து, புறா கொண்டுவரும் ஒலிவ இலைக்காகக் கை நீட்டுகிறார். கீழே தரையில் பிணங்கள். ஒரு பிணத்தின் கண்ணைக் காகம் கொத்துகிறது. நீர் குடித்து வயிறு ஊதிய ஒரு குழந்தையின் உடலும் கிடக்கிறது.

ஆக, இரண்டு பேழைகள் இல்லை. ஒரே பேழை இரண்டு முறை வரையப்பட்டிருக்கிறது. ஒரு கதையின் முன்னும் பின்னும் ஒரே படத்தில் வருவது அந்தக் காலத்து ஓவியர்களுக்குப் பழகிய வழி. உச்செல்லோ அதில் செய்த விஷமம், இரண்டு பேழைகளையும் எதிரெதிர்ச் சுவர்களாக நிறுத்தி, நடுவில் ஒரு குறுகிய சந்தை உண்டாக்கியது. அந்தச் சந்துதான் இந்த ஓவியத்தின் உயிர். அதற்குப் பிறகு வருவோம்.

பச்சை நிறமும் சிதைவும்

ஓவியம் இருந்த இடத்துக்கே ‘பச்சை முற்றம்’ என்றுதான் பெயர்: கியோஸ்ட்ரோ வெர்தே. நான்கு பக்கமும் நடைகூடம் சூழ்ந்த மடத்து முற்றம் அது. அந்தச் சுவர்களில் பழைய ஏற்பாட்டுக் கதைகளைப் பல ஓவியர்கள் வரைந்தார்கள். பெரும்பாலும் பயன்பட்டது ‘தெர்ரா வெர்தே’ என்ற பச்சை மண். இரும்புச் சத்துள்ள இயற்கைக் களிமண்ணை அரைத்து எடுக்கும் நிறம். இன்னொரு பக்கம் செம்மண் நிறங்கள். தங்கமும் விலையுயர்ந்த நீலமும் இல்லாத இந்த அடக்கம் துறவியர் நடக்கும் இடத்துக்குப் பொருந்தியது; செலவும் குறைவு.

ஈரச் சுவரில் வரையும் முறை எளிமையானது, ஆனால் ஈவிரக்கம் இல்லாதது. சுவரில் முதலில் கரடுமுரடான சுண்ணாம்புச் சாந்துப் பூச்சு. அதன் மேல் அன்றைக்கு வரைந்து முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டும் மெல்லிய இரண்டாம் பூச்சு. அது காய்வதற்குள் தண்ணீரில் குழைத்த நிறத்தை இட வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிக் கல்லாக இறுகும்போது, நிறமும் அதற்குள் சிக்கிக்கொள்ளும். பசை எதுவும் தேவையில்லை. காய்ந்த பிறகு மேலே சேர்க்கும் திருத்தங்களுக்கு இந்தப் பிடிப்பு கிடையாது. அவைதான் முதலில் உதிரும்.

ஒரு பக்கம் சுவரும் மறுபக்கம் வெட்டவெளியுமான நடைகூடத்தில் ஈரமும் உப்பும் நூற்றாண்டுக் கணக்கில் வேலை செய்தன. 20ஆம் நூற்றாண்டில் ஓவியத்தைச் சுவரிலிருந்தே பெயர்த்தெடுக்க வேண்டியதாயிற்று. போதாக்குறைக்கு 1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ ஆறு கரை புரண்டு ஃப்ளாரன்ஸைச் சூறையாடியபோது இந்த மடத்துக்குள்ளும் வெள்ளம் வந்தது. ஆகவே நாம் இன்று பார்ப்பது உச்செல்லோ வரைந்ததில் மிச்சம்தான். கலங்கலாகத் தெரிவதில் பாதி அவர் வேலை, பாதி காலத்தின் வேலை.

பெர்ஸ்பெக்டிவ்: அடிப்படை

தட்டையான பரப்பில் ஆழத்தைக் காட்டக் கணக்குப்படி ஒரு விதி உண்டு என்று முதலில் நிரூபித்தவர் கட்டடக் கலைஞர் புரூனெல்லெஸ்கி. ஃப்ளாரன்ஸின் ஞானஸ்நான மண்டபத்தை ஒரு சிறு பலகையில் வரைந்து, அதில் ஓட்டை போட்டு, பின்புறமிருந்து கண்ணாடியில் அதைப் பார்க்க வைத்தார். ஓவியமும் நிஜக் கட்டடமும் பொருந்தி நின்றன. அந்த விதியை எழுத்தில் கொண்டுவந்தவர் கட்டடக் கலைஞரும் எழுத்தாளருமான ஆல்பெர்த்தி. ஓவியம் பற்றிய அவருடைய நூல் 1435ஆம் ஆண்டு வாக்கில் வந்தது. அவர் சொன்ன வழி ஏறக்குறைய இப்படி:

1. ஒரு செவ்வகம் போடுங்கள். அதுதான் நீங்கள் உலகைப் பார்க்கும் ஜன்னல்.

2. ஜன்னலுக்குள் நிற்கும் மனிதனின் உயரத்தை முடிவு செய்து, அதே உயரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். இது மறையும் புள்ளி. அதன் வழியாகச் செல்லும் கிடைக்கோடு பார்ப்பவரின் கண்மட்டம்.

3. செவ்வகத்தின் அடிக்கோட்டைச் சம பாகமாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலிருந்தும் அந்தப் புள்ளிக்குக் கோடு இழுங்கள். நிஜத்தில் ஒன்றுக்கொன்று இணையாக உள்ளே செல்லும் கோடுகள் எல்லாம் படத்தில் இங்கே வந்து கூடும்.

4. குறுக்குக் கோடுகளை எவ்வளவு இடைவெளியில் போடுவது என்பதுதான் சிக்கல். பார்ப்பவர் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்பதை வைத்துப் பக்கவாட்டில் ஒரு தனி வரைபடம் போட்டு அதைக் கண்டுபிடிக்க வேண்டும். சரியாக வந்ததா என்று பார்க்க, தரைக் கட்டங்களின் மூலைகள் வழியாக ஒரு மூலைவிட்டம் போடுங்கள். அது நேர்கோடாக அமைந்தால் கணக்குச் சரி.

இந்த விதியின் முதல் பெரிய வெற்றிகளில் ஒன்று அதே சான்ட்டா மரியா நொவெல்லாவுக்குள்ளேயே இருக்கிறது. ஓவியர் மசாச்சோ 1427 வாக்கில் வரைந்த ‘திரித்துவம்’ அது. மறையும் புள்ளி சிலுவையின் அடியில், நிற்பவரின் கண்மட்டத்தை ஒட்டி இருக்கிறது. சுவருக்குள் நிஜமாகவே ஒரு மண்டபம் இருப்பதாகத் தோன்றும். உச்செல்லோ இதைப் பார்க்காமல் இருந்திருக்க வழியே இல்லை.

உச்செல்லோ யார்?

இயற்பெயர் பாவ்லோ தி தோனோ. 1397இல் பிறந்தார். தந்தை முடி திருத்துவதோடு ரண வைத்தியமும் பார்த்தவர். உச்செல்லோ என்றால் பறவை. பறவைகளை விரும்பி வரைந்ததால் வந்த பட்டப்பெயர். சிறுவயதில் கிபெர்த்தியின் பட்டறையில் சேர்ந்தார். ஞானஸ்நான மண்டபத்தின் வெண்கலக் கதவுகளைச் செய்த கிபெர்த்திதான் அவர். நளினமான வளைகோடுகளும் நுணுக்க அலங்காரமும் அங்கே கற்ற பாடம். 1425இல் வெனிஸ் போய்ச் சில ஆண்டுகள் மொசைக் வேலை பார்த்தார். பெர்ஸ்பெக்டிவ் ஃப்ளாரன்ஸில் சூடு பிடித்த ஆண்டுகளில் அவர் ஊரிலேயே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். திரும்பி வந்தபோது புது விதியைக் கற்றார். பழைய அலங்கார ஆசையை விடவில்லை. கடைசி வரை இரண்டும் அவரிடம் ஒரே வீட்டில் குடியிருந்தன.

பச்சை முற்றத்தில் அவர் இரண்டு கட்டமாக வரைந்தார். ஆதாம் ஏவாள் படைப்பு முன்னால் வந்தது. பிரளயமும், அதன் கீழே இருக்கும் நோவாவின் பலியும், நோவா குடித்து விழுந்து கிடப்பதும் பின்னால் வந்தவை. பிரளயத்துக்கு 1440களின் பின்பாதி என்பது பலர் ஏற்கும் காலம். பலிக் காட்சியில் கடவுள் தலைகீழாக, நம் பக்கமிருந்து படத்துக்குள் பாய்வதாக வருகிறார். கடவுளைக் கூட விதியின்படி குறுக்கி வரைந்த ஆள் இவர்.

அந்த வளையம் எதற்கு?

அதன் பெயர் மட்ஸோக்கியோ. அக்காலத்து ஃப்ளாரன்ஸ் ஆண்கள் தலையில் கட்டிய துணி கலையாமல் நிற்க உள்ளே வைத்த வளையம். நம் சும்மாட்டை மரத்திலோ பிரம்பிலோ செய்து, பட்டை பட்டையாகச் சீவியதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

இது ஓவியர்களுக்கு ஏன் பிடித்தது? ஒரு பெட்டியை விதிப்படி வரைவது சுலபம். அதன் எல்லா விளிம்பும் நேர்கோடு. வட்டம் கஷ்டம், சாய்ந்து பார்த்தால் அது நீள்வட்டமாகும். பட்டை தீட்டிய வளையமோ அதைவிட மோசம். ஒவ்வொரு பட்டையும் வேறு கோணத்தில் திரும்பியிருக்கும், அடுத்ததை ஓரளவு மறைக்கும், உட்புறமும் கொஞ்சம் தெரியும். ஒவ்வொரு மூலையையும் தனித்தனியாகக் கணக்குப் போட்டுக் குறித்தால்தான் முழு உருவம் வரும். கண்ணளவில் போட்டால் மாட்டிக்கொள்வோம்.

உச்செல்லோவுக்குத் தொடர்புள்ளதாகக் கருதப்படும் மட்ஸோக்கியோ வரைபடங்கள் ஃப்ளாரன்ஸின் உஃபிட்ஸி அருங்காட்சியகத்தில் உள்ளன. அங்கேயே ஒரு கிண்ணத்தின் வரைபடமும் இருக்கிறது. கிண்ணம் முழுவதும் சிறு சிறு முகங்களாகப் பிரிக்கப்பட்டு, பின்பக்கக் கோடுகளும் தெரியும்படி கண்ணாடிக் கூடாக நிற்கிறது. இன்றைய கணினி மாடலிங் மென்பொருளில் வரும் கம்பிச் சட்டகத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கணினி நொடியில் போடுவதை இவர் அளவுகோலும் கவராயமும் வைத்துப் போட்டார்.

பிரளயத்தில் தடியோடு நிற்பவனின் தலையிலிருந்து அந்த வளையம் நழுவிக் கழுத்தில் மாட்டிக் கிடக்கிறது. கறுப்பு வெள்ளைக் கட்டம் ஒவ்வொன்றும் வளைவில் திரும்பத் திரும்பக் குறுகிக்கொண்டே போகிறது. வித்தை காட்டத்தான் இதை நுழைத்தார் என்று சொல்பவர்கள் உண்டு. கொஞ்சம் அதுவும் இருக்கலாம். ஆனால் நாகரிகத் தலைப்பாகையின் எலும்புக்கூடு அது. துணி போய்விட்டது, மானம் போய்விட்டது, கழுத்தில் வளையம் மட்டும் மிச்சம். பழைய ஏற்பாட்டுக் கதைக்குள் ஃப்ளாரன்ஸ்காரர்களின் சொந்த உடை வந்து மூழ்குகிறது என்பதை அன்று பார்த்தவர்கள் கவனிக்காமல் இருந்திருப்பார்களா?

விதி இங்கே என்ன வேலை செய்கிறது?

மசாச்சோவின் திரித்துவத்தில் பெர்ஸ்பெக்டிவ் அமைதியைத் தருகிறது. எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது, நடுவில் கடவுள் இருக்கிறார். உச்செல்லோ அதே கணக்கை எடுத்து நேர் எதிரான காரியத்துக்குப் பயன்படுத்தினார் என்பதே என் வாசிப்பு. எப்படி என்று பார்ப்போம்.

1. ஒடுங்கும் சந்து. இரண்டு பேழைச் சுவர்களின் பலகைக் கோடுகளும் படத்தின் நடு ஆழத்தை நோக்கி ஓடுகின்றன. வழக்கமான ஓவியத்தில் அந்த இடத்தில் ஒரு பீடமோ புனிதரோ இருப்பார். இங்கே இருப்பது புயலும் மின்னலும் முறியும் மரமும். நம் கண்ணைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அழிவின் முன்னால் நிறுத்துகிறது கோடு.

2. தப்ப இடமில்லாத சுவர். பேழை காப்பாற்றும் கப்பல் என்பது கதை. படத்தில் அது வெளியே இருப்பவர்களின் கண்ணால் காட்டப்படுகிறது: பிடிமானம் இல்லாத, முடிவே தெரியாத பலகைச் சுவர். உள்ளே போக முடியாதவர்களோடுதான் நாமும் நிற்கிறோம்.

3. குறுக்கி வரைந்த உடல்கள். நம்மை நோக்கியோ எதிர்த் திசையிலோ நீட்டிக் கிடக்கும் உடலை விதிப்படி வரைந்தால் அது குட்டையாகி, உருக்குலைந்து தோன்றும். ஊதிய வயிற்றோடு கிடக்கும் குழந்தையில் இந்தக் கணக்கே கோரத்தை உண்டாக்குகிறது. பிணம் என்றால் அதன் ஒவ்வொரு உறுப்பும் செத்துத் தெரிய வேண்டும் என்று ஆல்பெர்த்தி எழுதியிருந்தார். உச்செல்லோ அதை மிகையாகவே கடைப்பிடித்திருக்கிறார்.

4. காற்று. ஆடையும் முடியும் இலைகளும் ஒரே திசையில் பறக்கின்றன. அசையாத கோடுகளுக்குள் எல்லாம் அசைந்துகொண்டிருக்கிறது.

ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். ஒரே புள்ளியில் கூடும் படம், பார்ப்பவர் ஒரே இடத்தில் அசையாமல் நிற்பதாக எடுத்துக்கொள்கிறது. ஆனால் ஓவியமோ நடைகூடத்தின் சுவரில், தலைக்கு மேலே இருந்தது. துறவிகள் நடந்துகொண்டே கடந்திருப்பார்கள். மேலும் இந்தப் படத்தில் உருவங்களின் அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. முன்னால் உள்ளவனுக்கும் சற்றுப் பின்னால் உள்ளவனுக்கும் உள்ள வித்தியாசம் திடீரென்று தாவுகிறது. இதைப் பிழை என்று எடுத்துக்கொள்ளலாம். மதகுருபோல் விதியைக் காத்த ஒருவர், வேண்டிய இடத்தில் அதைத் தளர்த்தினார் என்றும் கொள்ளலாம். எனக்கு இரண்டாவதே சரியாகப் படுகிறது. காரணம் அவருடைய இன்னொரு சுவரோவியம்.

ஃப்ளாரன்ஸ் பேராலயத்தில், ஜான் ஹாக்வுட் என்ற ஆங்கிலேயக் கூலிப்படைத் தளபதிக்கு 1436இல் ஒரு குதிரைச் சிலையை ஓவியமாகவே வரைந்தார். முதலில் வரைந்ததை ஆலய நிர்வாகிகள் ‘வரைய வேண்டிய விதத்தில் வரையவில்லை’ என்று அழிக்கச் சொல்லிவிட்டார்கள், மறுபடி வரைந்தார். இன்று இருப்பதில் பீடம் கீழிருந்து பார்ப்பதாக இருக்கிறது. மேலே குதிரையும் வீரனும் நேர்மட்டத்தில் பார்ப்பதாக இருக்கிறார்கள். குதிரையையும் கீழிருந்து வரைந்திருந்தால் வயிறும் குளம்பும்தான் பெரிதாகத் தெரிந்திருக்கும், தளபதி மறைந்திருப்பார். இரண்டு கண்மட்டங்களைத் தெரிந்தே கலந்திருக்கிறார்.

நின்றுகொண்டிருக்கும் அந்த மனிதர் யார்?

வலப்பக்கம் முன்னால் ஒரு நெடிய உருவம். கை உயர்ந்திருக்கிறது, முகத்தில் பதற்றம் இல்லை. நீரிலிருந்து ஒருவனுடைய கைகள் அவர் கணுக்காலைப் பற்றியிருக்கின்றன. அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. நோவாதான் இன்னொரு முறை வருகிறார் என்பது ஒரு கருத்து. நகரின் செல்வாக்குமிக்க கோசிமோ தெ மெதிச்சி என்பார்கள் சிலர். போப் நான்காம் யூஜீனியஸ் என்பதும் ஒரு யூகம். அதற்கு ஓர் அடிப்படை உண்டு: ஃப்ளாரன்ஸில் 1439இல் கிரேக்கத் திருச்சபையையும் ரோமையும் இணைப்பதற்காகக் கூடிய சங்கத்தின்போது அவர் தங்கியது இதே மடத்தில்தான். பேழையைத் திருச்சபையின் உருவகமாகப் பார்ப்பதும் கிறிஸ்தவத்தில் மிகப் பழைய வழக்கம். ஆனாலும் தீர்ப்பு சொல்லப் போதிய ஆவணம் இல்லை. எந்தப் பெயரைச் சொன்னாலும், கணுக்காலைப் பிடித்த கைகளுக்கு விளக்கம் சொல்லியாக வேண்டும். அங்கேதான் எல்லா யூகமும் தடுமாறுகிறது.

பித்துப்பிடித்த ஓவியர்: கதையும் ஆவணமும்

உச்செல்லோவைப் பற்றி உலவும் கதைகள் பெரும்பாலும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை: ஜார்ஜோ வசாரி எழுதிய கலைஞர் வரலாறுகள். இரவெல்லாம் வரைபடத்தில் மூழ்கியிருப்பாராம். தூங்க வாருங்கள் என்று மனைவி கூப்பிட்டால், ‘ஆகா, இந்தப் பெர்ஸ்பெக்டிவ் எவ்வளவு இனிமையானது!’ என்பாராம். மட்ஸோக்கியோ, 72 முகம் கொண்ட உருண்டை என்று இவர் காட்டியதையெல்லாம் பார்த்த சிற்பி டொனத்தெல்லோ, நிச்சயமானதை விட்டு நிச்சயமில்லாததைத் துரத்துகிறாயே என்று அலுத்துக்கொண்டாராம். சான் மினியாத்தோ மடத்தில் தினமும் பாலாடைக்கட்டியே போட்டதால் வேலையை விட்டு ஓடிவிட்டார் என்றும் ஒரு கதை. அந்தக் காலத்தில் தச்சர்கள் பாலாடைக்கட்டியில் பசை காய்ச்சுவார்கள். இன்னும் கொஞ்சம் தின்றால் என்னையே பசையாக்கிவிடுவார்கள் என்று சொன்னாராம். இதை நம்பாவிட்டாலும் ரசிக்கலாம்.

எடைபோட மூன்று விஷயங்களை மனதில் வைக்க வேண்டும்.

1. உச்செல்லோ இறந்தது 1475இல். வசாரியின் நூல் முதலில் வந்தது 1550இல். நேரில் கண்ட சாட்சி இல்லை.

2. வசாரிக்கு ஒரு வாதம் இருந்தது. கலை ஒவ்வொரு தலைமுறையாக வளர்ந்து மைக்கலாஞ்சலோவில் உச்சம் தொட்டது என்பது அவர் கட்டிய வரிசை. அதில் ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டவர் என்ற வேடம் உச்செல்லோவுக்கு விழுந்தது. வயலுக்கு நீலமும் நகரத்துக்குச் சிவப்பும் பூசினார் என்று குறைபட்ட அதே வசாரி, பிரளயத்தின் மின்னலையும் பிணங்களையும் மனதாரப் புகழ்கிறார்.

3. வறுமைக்கு ஆவணம் உண்டு. 1469 வரிக் கணக்கில், வயதாகிவிட்டது, மனைவிக்கு நோய், இனி வேலை செய்ய முடியாது என்று அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆனால் வரிக் கணக்கில் யார்தான் வசதியாக இருப்பதாக எழுதுவார்கள்? அதற்குச் சற்று முன்வரை உர்பினோ நகரிலிருந்து வேலை வந்துகொண்டுதான் இருந்தது. இன்று ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கும் ‘காட்டில் வேட்டை’ 1470 வாக்கில் வரைந்தது. மரங்களும் நாய்களும் குதிரைகளும் இருட்டுக்குள் ஒரு புள்ளியை நோக்கி ஓடும் படம். கை தளர்ந்த கிழவரின் வேலையாகத் தெரியவில்லை.

பிறகு நடந்தது

நிச்சயமில்லாததைத் துரத்துவதாகச் சொல்லப்பட்ட அந்த வளையப் பயிற்சி அடுத்த தலைமுறைக்குப் பாடமாயிற்று. ஓவியர் பியரோ தெல்லா ஃபிரான்செஸ்கா சக ஓவியர்களுக்காக எழுதிய பெர்ஸ்பெக்டிவ் நூலில் மட்ஸோக்கியோவை எப்படி வரைவது என்று புள்ளி புள்ளியாக விளக்கினார். பல நிற மரத் துண்டுகளை இழைத்துப் படம் செய்யும் தச்சர்கள் அதைத் தங்கள் கைத்திறனுக்கு முத்திரையாக எடுத்துக்கொண்டார்கள். இத்தாலியின் கூபியோ நகர அரண்மனைக்குச் செய்து, இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் மரவேலை அறையில், ஒரு பெஞ்சின் மேல் மட்ஸோக்கியோ சும்மா கிடப்பதைப் பார்க்கலாம். பெஞ்சும் வளையமும் இரண்டுமே தட்டையான பலகைதான்.